1972 எம்ஜிபிக்கு அசல் பின் மட்கார்டு: போட்டுப் பார்த்தவனின் அனுபவம்

என் 1972 எம்ஜிபி ரோட்ஸ்டருக்கு (கூரையில்லாத இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார்) பின் மட்கார்டு இரண்டையும் மாற்றி முடித்து ஒரு மழைக்காலமும் போய்விட்டது. நான் போட்டவை இப்போது புதிதாக அடிக்கிற நகல் தகடுகள் இல்லை. கார் தயாரிப்பில் இருந்த நாட்களிலேயே உதிரிபாகமாக அடித்து, யாரும் வாங்காமல் கறுப்பு பிரைமரோடு எங்கோ ஒரு கிடங்கில் கிடந்த அசல் தகடுகள். நகலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் விலை. அந்தப் பணத்துக்குத் தகுமா என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். தகும் என்பதுதான் என் பதில். ஆனால் எந்த விதத்தில் தகும் என்று சொல்லாமல் விட்டால், நான் வாங்கும்போது வைத்திருந்த அதே தப்பு எண்ணத்தோடு நீங்களும் வாங்குவீர்கள். அசல் தகடு என்றால் எடுத்து வைத்தவுடன் உட்கார்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். வலது பக்கம் அப்படித்தான் உட்கார்ந்தது. இடது பக்கம் என்னை ஐந்து வாரம் அலைக்கழித்தது.

காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான கார். அதற்கு முன் வந்த எம்ஜிஏவுக்குத் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) உண்டு. பாடியைக் கழற்றினாலும் சேசிஸ் தனியாக நிற்கும். எம்ஜிபிக்கு அது கிடையாது, பாடியேதான் சேசிஸ். கதவுக்குக் கீழே ஓடுகிற சில்தான் முதுகெலும்பு. வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று மூன்றும் சேர்ந்த மூடிய பெட்டி அது. ரோட்ஸ்டருக்கு மேலே கூரை இல்லாததால் காரின் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து வைத்திருக்கும் பாரத்தில் பெரும்பங்கு அந்தச் சில்மீதுதான். முன் மட்கார்டு போல்ட் போட்டது, ஒரு காலை வேளையில் கழற்றிவிடலாம். பின் மட்கார்டு சுற்றிலும் ஸ்பாட் வெல்டிங் செய்தது, அதாவது புள்ளி புள்ளியாகப் பற்றவைத்தது. கதவுத் தூணிலிருந்து பின் லைட் வரை ஒரே நீளத் தகடு. அதன் முன்பக்க அடிமூலை சில்லின் பின்முனையை மூடிக்கொண்டு நிற்கும்.

துருவும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். பின் சக்கரம் வாரியடிக்கிற சேறு மட்கார்டுக்குள் போய் அந்த மூலையில் தங்கிவிடும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே ஈரமண் காயாமல் கிடக்கும். என் காரில் அந்த மூலையை ஸ்க்ரூடிரைவரால் தட்டியதும் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) பாளம்பாளமாக விழுந்தது. அதன் பின்னால் கண்ணாடியிழை, அதற்கும் பின்னால் ஒரு பழைய ஒட்டுத்தகடு. அதை முழுக்கப் பெயர்த்தபோது கை நிறைய மண் கொட்டியது. சக்கர வளைவின் உதட்டிலும் அதே கதை. வெளித்தகடும் உள் வளைவும் சேர்கிற இரண்டு மடிப்புகளுக்கு நடுவே தண்ணீர் நின்று நின்று இரண்டும் பிஸ்கட் மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தன. பின் லைட் உட்காரும் இடத்தில் ரப்பர் கேஸ்கெட்டுக்கு அடியில் சுண்டுவிரல் போகிற அளவுக்கு ஓட்டை.

கீழ்ப்பாதி மட்டும்தான் போயிருக்கிறது என்றால் முழு மட்கார்டை வெட்டி எறிய வேண்டாம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கவாட்டில் ஓடும் குரோம் பட்டைக்குக் கீழே பாதித் தகடு போடுகிற வழி இருக்கிறது. இணைப்பைப் பட்டை மறைத்துக்கொள்ளும். மேல்பக்கத் தொழிற்சாலை மடிப்புகளும் கலையாமல் இருக்கும். அந்த நீளமான கிடை வெல்டிங்கில் தகடு நெளியாமல் பார்த்துக்கொள்வது கஷ்டம்தான். இருந்தாலும் நல்லபடியாக இருக்கும் அசல் மேல்பாதியை வெட்டுவதைவிட அது நல்லது. எனக்குப் பின் லைட் பக்கமும் போயிருந்ததால் முழுத் தகடு தவிர வழியில்லை.

முதலில் வாங்கியது நகல்தான், வலது பக்கத்துக்கு மட்டும். யார் அடித்தது என்று சொல்லப் போவதில்லை. அது என் கைக்கு வந்த ஒரே ஒரு தகடு, அதை வைத்து எல்லா நகலையும் தீர்ப்பளிக்க எனக்குத் தகுதியில்லை. வந்ததை மட்டும் சொல்கிறேன். மைக்ரோமீட்டர் வைத்தால் 0.8 மி.மீ.; கழற்றிய பழைய தகட்டில் துரு பிடிக்காத இடத்தில் 0.9 மி.மீ. இருந்தது. அது பரவாயில்லை என்று விட்டுவிடலாம். சக்கர வளைவின் உச்சி லேசாகத் தட்டையாக இருந்தது. பின் லைட் அமரும் முகம் உள்பக்கமாகச் சாய்ந்து, லைட்டை வைத்தால் மேலே ஒட்டிக்கொண்டு கீழே 5 மி.மீ. விலகி நின்றது. எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது அந்தப் பாடி கோடுதான். முன் மட்கார்டில் தொடங்கி, கதவைத் தாண்டி, பின் லைட் வரை ஓடுகிற மடிப்பு அது. எம்ஜிபியைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது நீளமாக, தாழ்வாகத் தெரிய வைப்பதே அந்த ஒரு கோடுதான். நகலில் அது மழுங்கியிருந்தது. கட்டைவிரலை வைத்து ஓட்டினால் கதவில் விளிம்பு தெரிகிறது, மட்கார்டுக்கு வந்ததும் சோப்புக்கட்டியைத் தடவுவது மாதிரி ஆகிவிடுகிறது. பட்டி போட்டு அந்தக் கோட்டைத் திரும்ப உருவாக்கலாம்தான். ஆனால் பட்டியைச் சுரண்டி எடுக்கத்தானே வேலையையே ஆரம்பித்தேன்! நகலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அசல் தகடு என்று இரண்டு வகையைச் சொல்வார்கள், வாங்குகிறவர்கள் குழப்பிக்கொள்ளக்கூடாது. ஒன்று, பழைய கையிருப்பு. அந்தக் காலத்திலேயே அடித்து விற்காமல் மிஞ்சியது. இன்னொன்று, அதே பழைய அச்சுகளை வைத்து இப்போது அடிப்பது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் சிதறிக் கிடந்த அச்சுகளைத் தேடிச் சேர்த்து, 1988இல் எம்ஜிபியின் முழு பாடியையே புதிதாகத் தயாரித்து விற்க ஆரம்பித்தது. கார் நின்று எட்டு வருடம் கழித்து அதன் பாடி மட்டும் திரும்பப் பிறந்தது என்பதை நினைக்க இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அந்தத் துணிச்சலின் தொடர்ச்சியாகத்தான் 1992இல் ஆர்வி8 என்ற மாடலே வந்தது. நான் வாங்கியது முதல் வகை. ஒரு தனி விற்பனையாளரிடம் இடதும் வலதும் ஜோடியாகக் கிடைத்தது, அதனால்தான் எடுத்தேன்.

பழுப்புக் காகிதம் சுற்றி வந்தது. பிரித்ததும் பழைய எண்ணெயும் பிரைமரும் கலந்த வாசனை. பாக எண் எழுதிய காகித லேபிள் பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. உள்பக்கம் யாரோ சாக்பீஸால் ஒரு கணக்குக் குறி போட்டிருந்தார்கள், அது அழியாமலே இருந்தது. வலது மட்கார்டைக் கதவுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்து அதே கட்டைவிரலைக் கதவிலிருந்து ஓட்டினேன். கோடு தடங்கலே இல்லாமல் தொடர்ந்து போனது. விரல் நுனியில் அது பட்ட அந்த நொடியிலேயே கொடுத்த பணம் மறந்து போனது.

ஆனால் பழைய கையிருப்பு என்றால் பழுதில்லாதது என்று அர்த்தமில்லை. வருடக்கணக்காகச் செங்குத்தாக நிறுத்தி வைத்ததில் வலதின் அடிமூலை தன் எடையிலேயே மடங்கியிருந்தது. கறுப்பு பிரைமருக்கு அடியில் அங்கங்கே நகக்கண் அளவு துருப்பூக்கள். அந்தப் பிரைமர் கிடங்கிலும் வண்டியிலும் போகிற வழிக்கான பாதுகாப்புதான். அதன் மேலேயே பெயின்ட் அடித்துவிடலாம் என்று நம்பக்கூடாது. ஒரு இடத்தில் சுரண்டிப் பார்த்தேன், வெளியே ஒன்றும் தெரியாத இடத்தில்கூட அடியில் பழுப்பு நூல் நூலாகப் படர்ந்திருந்தது. இரண்டு தகட்டையும் கெமிக்கல் போட்டு வெறும் இரும்பு தெரியும் வரை உரித்து, துருவை நீக்கி, அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் அடித்தேன். இதற்கே ஒரு வார இறுதி முழுவதும் போனது. விலைப்பட்டியலில் வராத செலவு இது.

உரித்த பிறகுதான் அடுத்தது தெரிந்தது. இடது மட்கார்டில், சக்கரத்துக்குப் பின்னால், பம்பருக்கு மேலே ஒரு துளை. அமெரிக்காவில் 1968 முதல் காரின் பக்கவாட்டில் விளக்கோ பிரதிபலிப்பானோ கட்டாயம், 1970 முதல் இரண்டுமே கட்டாயம். அதற்காக அங்கே அனுப்பிய எம்ஜிபிகளின் பின் மட்கார்டில் சிவப்புப் பக்க விளக்கு உட்காரும். என் கார் வலது கை ஸ்டியரிங் கொண்ட இங்கிலாந்து உள்நாட்டு மாடல், 1972இல் அதற்குப் பக்க விளக்கு கிடையாது. ஜோடி என்று சொல்லி விற்றது உண்மையில் ஜோடியே இல்லை, ஒன்று உள்நாட்டுத் தகடு, ஒன்று அமெரிக்கத் தகடு. விற்றவர் அனுப்பிய படத்தில் அந்த இடத்தைக் காகிதம் மூடியிருந்தது. வேண்டுமென்று மறைத்தாரா என்று எனக்குத் தெரியாது, கேட்டதற்குப் பதில் வரவில்லை. திருப்பி அனுப்பினால் இன்னொன்று கிடைக்கும் என்ற உறுதி இல்லாததால் வைத்துக்கொண்டேன். வெட்டி எடுத்த பழைய மட்கார்டின் நல்ல பகுதியிலிருந்து அதே தடிமனில் ஒரு துண்டு நறுக்கி அந்தத் துளையை அடைத்தேன். ஆக, இப்போது இடது பக்கத்தில் ஒரு உள்ளங்கை அளவுக்கு என் காரோடு பிறந்த இரும்பு மிச்சமிருக்கிறது. அதில் எனக்கு ஒரு தனித் திருப்தி.

சரி, வேலைக்கு வருகிறேன். கழற்றுவதற்கு முன் செய்தவற்றில் இரண்டு விஷயம் மிக முக்கியம். முதலாவது பெட்ரோல் டேங்க். எம்ஜிபியில் அது டிக்கித் தளத்துக்கு அடியிலேயே தொங்குகிறது, வெல்டிங் பொறி விழும் தூரம்தான். காலி செய்தால் போதும் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து. முழுதாகக் கழற்றி வெளியே தூரத்தில் வையுங்கள், குழாய் முனைகளையும் அடைத்துவிடுங்கள். சீட்டுக்குப் பின்னால் தரைக்கு அடியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரி இருக்கும், இரண்டின் இணைப்பையும் எடுத்துவிட வேண்டும். பின் லைட்டுக்குப் போகும் ஒயரையும் டிக்கிக்குள் இழுத்துச் சுருட்டி வையுங்கள்.

இரண்டாவது, முட்டு. கதவு வாசலின் முன் தூணுக்கும் பின் தூணுக்கும் நடுவே இரும்புக் குழாய் வைத்து வெல்டிங் அடித்து, குறுக்கேயும் ஒன்று போட வேண்டும். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். கூரை இல்லாத காரில் தகட்டை வெட்டினால் வாசல் தானாக நகரும், கண்ணுக்குத் தெரியாமல் நகரும். அதற்கு விலை என்ன என்பதை நான் வேறு ஒருவர் செய்த வேலையில் பார்த்தேன். அது இடது பக்கக் கதை.

வலது பக்கம் சுகமாகப் போனது. ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளை எமரி போட்டுத் தேய்த்தால் சின்னச் சின்ன வட்டமாகத் தெரியும். ஒவ்வொன்றிலும் சென்டர் பஞ்ச், பிறகு 8 மி.மீ. ஸ்பாட் வெல்ட் டிரில். மேல்தகடு மட்டும் அறுபட்டு அடித்தகடு பிழைக்கும் ஆழத்தில் நிறுத்த வேண்டும். முதல் பத்துப் புள்ளியில் மூன்றில் அடித்தகட்டையும் துளைத்துவிட்டேன். அப்புறம் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கப் பழகிவிட்டது. டிரில் மேல்தகட்டைத் தாண்டும் கணத்தில் கீச்சென்ற ஒலி சட்டென்று கனத்துவிடும், அங்கே கையை எடுத்துவிட வேண்டும். தகட்டைப் பெயர்த்த பிறகு உள் வளைவின் உதட்டில் அழுகிய பகுதியை வெட்டிப் புதுப் பட்டை வைத்தேன். சில்லின் பின்முனை முழுதாகத் திறந்து கிடக்கும் ஒரே சந்தர்ப்பம் இதுதான். அதை உள்ளே வரை சுத்தம் செய்யாமல் மூடுவது பெரும் பாவம்.

பிறகு வெள்ளோட்டம். மட்கார்டைக் கிளாம்ப் போட்டு மாட்டி, கதவு, டிக்கி மூடி, பின் லைட், பம்பர், குரோம் பட்டை எல்லாவற்றையும் பூட்டிப் பார்ப்பது. ஒன்றைக்கூட விடக்கூடாது. என் மச்சான்தான் மறுபக்கம் பிடித்துக்கொண்டார். கதவை மூடினேன். மேலிருந்து கீழ்வரை 4 மி.மீ. கேப் (இடைவெளி), ஒரே சீராக. பின் லைட்டைக் கேஸ்கெட்டோடு வைத்தேன், சுற்றிலும் ஒரு நூல் நுழைய இடமில்லை. டிக்கி மூடியை மூடியதும் மச்சான் மூன்றடி பின்னால் போய் நின்று, "மாமா, இதுக்கு வெல்டிங்கே வேண்டாம்போல இருக்கே" என்றார். அசல் அச்சில் அடித்த தகடு என்பதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது புரிந்தது. கதவை அடித்த அச்சும் இதை அடித்த அச்சும் ஒரே வரைபடத்துக்குப் பிறந்தவை, அவ்வளவுதான். மடங்கியிருந்த அடிமூலையை மரச் சுத்தியலும் டாலியும் (தகட்டுக்குப் பின்னால் பிடிக்கும் இரும்புக் கட்டை) வைத்து நிமிர்த்தியது தவிர வேறு எந்தத் திருத்தமும் அந்தப் பக்கத்துக்குத் தேவைப்படவில்லை. மொத்தம் மூன்று வார இறுதி.

அதே நம்பிக்கையோடு இடது பக்கத்தைத் தூக்கி வைத்தேன். பின் லைட் சரியாக வந்தது. கோடு சரியாக வந்தது. கதவை மெதுவாகச் சாத்தினேன். மேல் மூலையில் தகடும் தகடும் கிட்டத்தட்ட உரசியது, கேப் 1 மி.மீ. இருக்கலாம். கீழே வந்தால் 7 மி.மீ. கழற்றி மாட்டினேன், கிளாம்பைத் தளர்த்தி இறுக்கினேன், கதவுக் கீலை முடிந்தவரை நகர்த்தினேன். மேலே சரிசெய்தால் கோடு விழுகிறது, கோட்டைச் சரிசெய்தால் பின் லைட் திரும்புகிறது. அமெரிக்கத் தகடு என்பதால் அளவு மாறியிருக்குமோ, அச்சு தேய்ந்த பிறகு அடித்த தகடோ என்று மனம் என்னென்னவோ நினைத்தது. கடைசியில் மார்க்கர் எடுத்து, மட்கார்டின் முன் விளிம்பில் எங்கே வெட்டி எங்கே மடிக்கலாம் என்று கோடும் போட்டுவிட்டேன்.

வெட்டுவதற்கு முன் டிங்கரிங் வேலையிலேயே வாழ்நாளைக் கழித்த ஒரு பெரியவரைக் கூப்பிட்டேன். வந்தவர் தகட்டைப் பார்க்கவே இல்லை. காரைச் சுற்றி வந்து, இரண்டு கதவு வாசலையும் டேப்பால் மூலைக்கு மூலை அளந்தார். வலது பக்கத்தின் அளவைச் சுவரில் எழுதினார், அதற்குக் கீழே இடது பக்கத்தின் அளவை எழுதினார். இரண்டுக்கும் 5 மி.மீ. வித்தியாசம்.

"தம்பி, தகடு சரியா இருக்கு. உன் வண்டிதான் கோணலா நிக்குது" என்றார்.

எனக்கு முன்னால் இந்தக் காரை வைத்திருந்தவர் காலத்தில் யாரோ இடது சில்லை மாற்றியிருக்கிறார்கள். முட்டு கொடுக்காமல் பழையதை வெட்டியதில் கார் நடுவே இறங்கி, வாசலின் மேல்பக்கம் குறுகி, பின் தூண் முன்னால் சாய்ந்துவிட்டது. அந்த நிலையிலேயே புதுச் சில்லைப் பற்றவைத்துப் பூட்டிவிட்டார்கள். பிறகு பழைய மட்கார்டின் விளிம்பை இடித்து, பட்டி பூசி, கேப்பை வரைந்திருக்கிறார்கள். ஆமாம், அது வரைந்த கேப்தான். நான் பெயர்த்துப் போட்ட குப்பையைத் தேடி எடுத்துப் பார்த்தேன், கதவுப்பக்க விளிம்பில் பட்டி கனமாகவே இருந்தது. இத்தனை வருடம் அந்தப் பொய்யை மறைத்துக்கொண்டிருந்தது பட்டி. அசல் தகட்டுக்கு அந்தப் பொய்யோடு ஒத்துப்போகத் தெரியவில்லை.

நகல் தகடு ஒன்றை இந்த இடத்தில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பொருந்தாததற்குத் தகட்டைக் குறை சொல்லி, வெட்டி ஒட்டி, பட்டி போட்டு முடித்திருப்பேன். தகடு சரி என்று உறுதியாகத் தெரிந்ததால்தான் காரைச் சந்தேகப்பட முடிந்தது. நான் கொடுத்த கூடுதல் பணத்துக்குக் கிடைத்த பெரிய பலன் இதுதான். அந்த மட்கார்டு எனக்கு ஒரு அளவுகோலாக வேலை செய்தது.

சரிசெய்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இடது சில்லின் வெளித்தகட்டையும் நடுத்தகட்டையும் திரும்பத் திறந்தோம். இரண்டு தூண்களுக்கும் நடுவே திருகினால் நீளும் முட்டுக் கம்பியை வைத்து, காரின் நடுவை ஜாக்கியால் மயிரிழை மயிரிழையாக உயர்த்தி, மூலைக்கு மூலை அளவு வலது பக்கத்தோடு ஒன்றும் வரை நெம்பினோம். ஒரேயடியாக நெம்பவில்லை. கால் திருகு, அளவு, ஒரு டீ, மறுபடி கால் திருகு. இரும்பு கொஞ்சம் திரும்பிப் போகும் என்று பெரியவர் 1 மி.மீ. கூடுதலாகவே தள்ளச் சொன்னார். சில்லைப் பூட்டி முட்டை எடுத்தபோது அந்த 1 மி.மீ. சொன்னபடியே திரும்பிப் போய்ச் சரியான அளவில் நின்றது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எனக்குத்தான் கண் கலங்கியது. மட்கார்டைத் திரும்ப மாட்டினேன், நான் மார்க்கரில் போட்ட கோடு அதில் அப்படியே இருந்தது. கதவைச் சாத்தினால் மேலிருந்து கீழ்வரை 4 மி.மீ.

வெல்டிங் பற்றி. தொழிற்சாலையில் எங்கெங்கே ஸ்பாட் விழுந்ததோ அதே இடங்களில் விழ வேண்டும் என்பது என் பிடிவாதம். பழைய தகட்டின் விளிம்புகளை எறியாமல் வைத்து, புள்ளிகளைக் காகிதத்தில் நகலெடுத்துப் புதுத் தகட்டில் குறித்தேன். ஸ்பாட் வெல்டிங் கருவியின் கை எட்டும் இடங்களில் அதையே பயன்படுத்தினேன். சக்கர வளைவு உதடும் டிக்கி ஓரமும் அப்படித்தான். எட்டாத இடங்களில் 6 மி.மீ. துளை போட்டு, கம்பியை உருக்கிப் பற்றவைக்கும் மிக் வெல்டிங்கால் நிரப்பினேன். 0.6 மி.மீ. கம்பி, ஆர்கானில் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயு. வரிசையாக அடிக்கக்கூடாது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவில் ஒன்று என்று தாவித் தாவி அடித்து, கையை வைத்துச் சூடு ஆறியதா என்று பார்த்த பிறகே அடுத்தது. மடிப்புக்குள் வெல்டிங்கைத் தாங்கும் துத்தநாகப் பிரைமர் பூசிவிட்டுத்தான் மூடினேன். வெல்டிங் விழும் புள்ளியில் மட்டும் அதைச் சுரண்டிவிட்டால் பற்று சுத்தமாக இருக்கும். இந்தத் தகட்டின் இரும்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், மெத்தென்று அடி வாங்குகிறது. துளையடைத்த இடத்தில் லேசாக நெளிந்ததைச் சுத்தியலும் டாலியும் வைத்துத் தட்டியபோது அடம்பிடிக்காமல் திரும்பி வந்தது.

பட்டி எவ்வளவு போனது என்று கேட்பீர்கள். வலது பக்கத்தில் கீழ்மூலையில் ஒரு பூச்சு, இடது பக்கத்தில் அந்தத் துளையைச் சுற்றி ஒரு பூச்சு. அவ்வளவுதான். பெயின்ட் அதன் பிறவி நிறமான டீல் ப்ளூ. பெயின்ட் காய்ந்த பிறகு இரண்டு மட்கார்டுக்குள்ளும் மெழுகு அடித்தேன், அடிமூலையின் நீர் வடியும் துளைகள் அடைபடாமல் ஒரு கம்பி விட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மழைக்காலம் முழுவதும் காரை ஓட்டினேன், அதற்காகத்தானே செய்தது. போன வாரம் சக்கரத்தைக் கழற்றி, சக்கர வளைவு உதட்டையும் அடிமூலையையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். சேறு இருந்தது, துரு இல்லை. டிக்கிக்குள் விரித்திருந்த செய்தித்தாள் காய்ந்தே இருந்தது. கதவு கேப் இரண்டு பக்கமும் அதே 4 மி.மீ. ஒரு குறையும் இருக்கிறது. இடது பின் லைட்டின் கீழ் ஸ்க்ரூ இறங்கும் துளை அரை மி.மீ. தள்ளி இருந்ததால் அரம் போட்டு அகட்ட வேண்டியிருந்தது. லைட்டைக் கழற்றினால் மட்டும் தெரியும்.

வாங்குகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் காகிதத்தைப் பிரித்து, உள்பக்கமும் வெளிப்பக்கமும் முழுநீளப் படம் கேட்டு வாங்குங்கள். பக்க விளக்குத் துளை இருக்கிறதா, பின் லைட் அமரும் இடம் உங்கள் வருடத்துக்கு உரியதா என்று பாருங்கள், 1970 மாடலோடு அது மாறியது. ரோட்ஸ்டர் மட்கார்டு கூரையுள்ள ஜிடி மாடலுக்கு ஆகாது, கூரையோடு சேரும் இடமே வேறு. அடிமூலையின் நெருக்கப் படம் ஒன்றைத் தனியாகக் கேளுங்கள். அப்புறம் தகடு வந்து சேருவதற்குள் டேப்பை எடுத்து, உங்கள் காரின் இரண்டு கதவு வாசலையும் மூலைக்கு மூலை அளந்து எங்காவது எழுதி வையுங்கள். என் சுவரில் அந்த இரண்டு எண்கள் இன்னும் இருக்கின்றன. கீழே இருப்பதை அடித்துவிட்டு, மேலே இருக்கும் அதே எண்ணைப் பெரியவர் தன் கையால் எழுதிவிட்டுப் போனார்.